கேஸ் கீசர்: குளியலறைக்குள்ளா, வெளிச்சுவரிலா?

குன்னூரில் மார்கழிக் காலையில் வாளித் தண்ணீரில் கைவைத்தால் விரல் மரத்துப் போகும். மழைக்காலத்தில் அடிக்கடி போய்விடும் கரண்டை நம்ப முடியாமல், நிமிடத்துக்கு 6 லிட்டர் சூடாக்கும் சமையல் எரிவாயு கீசர் ஒன்றை ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். முதல் இரண்டு ஆண்டுகள் அது குளியலறைக்குள் இருந்தது. அதன் பிறகு இன்றுவரை வீட்டின் பின்புற வெளிச்சுவரில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்த எனக்குச் சாய்வு வெளிச்சுவரின் பக்கம்தான்.

சூடு, எரிவாயுச் செலவு ஆகியவற்றில் இரண்டுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. சிலிண்டரைக் குளியலறைக்குள் வைக்கக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. காற்று எங்கிருந்து வருகிறது, எரிந்த புகை எங்கே போகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். 6 லிட்டர் கீசர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தும்போது மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எரிக்கிறது; அதாவது பத்து நிமிடக் குளியலுக்கு 2 கன மீட்டர் காற்று. எங்கள் குளியலறை 5 அடிக்கு 7 அடி, உயரம் 8 அடி. மொத்தக் கொள்ளளவே 8 கன மீட்டர்தான். எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அறையின் காற்றில் கால்பங்குக்குரிய ஆக்சிஜனை அடுப்பு தின்றுவிடுகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்வதால், குளிப்பவருக்குத் தலைசுற்றல் தெரியும் நேரத்தில் தாழ்ப்பாளைத் திறக்கக் கையில் வலு இல்லாமல் போகலாம். அறைக்காற்றை மட்டுமே நம்பும் கருவிக்கு, மணிக்கு ஒவ்வோர் 1000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பத்துக்கும் 50 கன அடி இடம் வேண்டும் என்பது அமெரிக்க எரிவாயு விதிகளில் உள்ள பொதுக் கணக்கு. அதன்படி எங்கள் கீசருக்கு 2,000 கன அடிக்கு மேல் வேண்டும், இருந்ததோ 280. அந்தக் கணக்கும் புகைக்குழாய் உள்ள கருவிகளுக்கானது. எங்கள் கீசருக்குப் புகைக்குழாயே கிடையாது, புகை முழுவதும் அறைக்குள்தான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். நாங்களும் 6 அங்குல ஃபேன் ஒன்றைப் போட்டிருந்தோம். ஆனால் ஃபேன் வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். ஃபேனின் வாய் 28 சதுர அங்குலம். கதவுக்கு அடியில் இருந்த அரை அங்குல இடைவெளியோ 15 சதுர அங்குலம்தான். கதவின் கீழ்ப்பகுதியில் கம்பிவலை வைத்துக் குறையைச் சரிசெய்துவிடலாம் என்றாலும், இன்னொரு சிக்கலுக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. இந்தக் கீசர் இரண்டு பேட்டரிக் கட்டைகளில் பற்றிக்கொள்வதால் கரண்ட் இல்லாவிட்டாலும் எரியும், ஃபேன் நின்றுவிடும். எதற்காகக் கேஸ் கீசர் வாங்கினோமோ, அந்தக் கரண்ட் இல்லாத நேரத்தில்தான் பாதுகாப்பும் இல்லாமல் போகிறது.

ஃபேன் ஓடினால் மட்டுமே அடுப்பு எரியும்படி இணைப்புக் கொடுக்கலாம். ஆனால் ஜப்பானில் ஃபேன் வழியே புகையை வெளியேற்றும் கீசர்களால் 1985 முதல் 2005 வரை 21 பேர் இறந்தனர் என்பது 2006இல் வெளிவந்தது; அவற்றில் பல விபத்துகளுக்கு, ஃபேன் ஓடாவிட்டாலும் எரியும்படி பாதுகாப்புச் சுற்று மாற்றப்பட்டிருந்ததே காரணம். பழுதுபார்க்க வருபவர் ஒரு ஒயரை நேராக இணைத்துவிட்டுப் போனால் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

எனவே என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். இன்னும் சரியாகச் சொன்னால், காற்று வழியை யாராவது அடைத்துவிட முடியுமா என்ற கேள்வி. இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு காலை, குளித்து வந்த என் தங்கை தலை கனக்கிறது என்று கட்டிலில் சாய்ந்தாள். உள்ளே போய்ப் பார்த்தபோது நீலமாக இருக்க வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையில் செய்தித்தாள் நான்காக மடித்துச் செருகப்பட்டிருந்தது. குளிர்காற்று முதுகில் அடிக்கிறதே என்று செருகியவர் எங்கள் அம்மா. அவரைக் குறைசொல்ல முடியவில்லை; குளிர் ஊரில் ஜன்னலைத் திறந்துவைத்துக் குளி என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் உணரியும், 20 நிமிடத்தில் தானாக நிற்கும் ஏற்பாடும் பல மாடல்களில் உண்டு. அவை இருக்கட்டும், ஆனால் கடைசிக் காப்பாக மட்டும். ஒருவர் குளித்துக் குழாயை மூடி அடுத்தவர் திறந்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அறையின் காற்று அப்படிப் புதிதாகத் தொடங்குவதில்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது. எரியும் அறை முழுக்க மூடப்பட்டு, சுவரைத் துளைத்துச் செல்லும் குழாய் வழியே வெளிக்காற்றை இழுத்து வெளியிலேயே புகைவிடும் கீசர் அது. கொள்கையளவில் மூன்றிலும் சிறந்தது என்றே நினைக்கிறேன். எங்கள் ஊர்க் கடைகளில் கேட்டபோது கிடைக்கவில்லை. நான் பயன்படுத்திப் பார்க்காததால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அடுக்குமாடியில் வெளிச்சுவர் வாய்க்காதவர்கள் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

வெளியே மாற்றியதில் தொல்லைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். குழாய் 6 மீட்டர் நீண்டுவிட்டதால் வெந்நீர் வந்துசேர எட்டு, பத்து விநாடி கூடுதலாகிறது. ஆடி மாதக் காற்றில் சுடர் அணைந்ததால், சன்ஷேடுக்குக் கீழே மூன்று பக்கத் தகர மறைப்பு அடித்து, அடியையும் முன்பக்கத்தையும் திறந்தே விட்டோம். நான்காவது பக்கத்தையும் மூடி அலமாரிபோல ஆக்கிக் கொடுக்கிறேன் என்று கொத்தனார் சொன்னார். மூடினால் பழைய குளியலறையையே சிறிதாகக் கட்டியதாகிவிடும். பர்னரின் காற்றுத் துளைகளில் சிலந்தி கூடு கட்டினால் வெளியிலும் சுடர் மஞ்சளாகும். ஆண்டுக்கு இருமுறை கழற்றித் துடைக்கச் சொல்கிறேன்.

முதலில் மாட்டிய இடம் குளியலறை ஜன்னலுக்கு நேர் கீழே அமைந்துவிட்டது. புகை மேலேறி அதே ஜன்னல் வழியாக உள்ளே வருவதை, கண்ணாடிப் பட்டைகளில் படிந்த ஈரத்தைப் பார்த்துத்தான் கண்டுகொண்டோம். மறுவாரமே ஆணிகளைப் பிடுங்கி, எந்த ஜன்னலும் இல்லாத சுவரின் கோடிக்கு நகர்த்தினோம். பழைய ஆணித் துளைகள் நான்கும் இன்னும் பூசப்படாமல் அங்கேயே இருக்கின்றன.