ஜெரோம் புரூனரின் தன்வரலாறு: ஆசிரியர்கள் வாங்கிப் படிக்கலாமா?

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன, பிள்ளைகள் கற்கும் செயல்வழி, உருவவழி, குறியீட்டுவழி என்ற மூன்று நிலைகளையும், ஒரே பாடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆழமாக்கும் சுருள்முறைப் பாடத்திட்டத்தையும் மனப்பாடம் செய்து பி.எட். தேர்வில் மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் புரூனரே எழுதி 1983இல் வெளிவந்த ‘இன் சர்ச் ஆஃப் மைண்ட்’ நூலை இணையத்தில் பழைய பிரதியாக வாங்கினேன். ‘புதியது போன்றது’ என்று சொல்லி விற்றார்கள்; வந்ததோ முதுகு பிய்ந்த பிரதி. பக்க ஓரமெங்கும் யாரோ பென்சிலால் ஆசிரியரோடு சண்டை போட்டிருந்தார். அந்தச் சண்டையும் சுவையாகத்தான் இருந்தது.

1915இல் நியூயார்க்கில் கண்புரையோடு பிறந்து, இரண்டு வயதில் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகே பார்வை பெற்றவர் புரூனர். அவரே பின்னாளில், மனிதர் எதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஆராயப் புகுந்தார். 1947இல் வெளியான நாணயச் சோதனையில், பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு குமிழைத் திருகி, திரையில் விழும் ஒளிவட்டத்தை நாணயத்தின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட ஏழைப் பிள்ளைகள் வட்டத்தைக் கூடுதலாகப் பெரிதாக்கினார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கடை வாசலில் நிற்கும் என் மாணவர்கள் நினைவுக்கு வந்ததால், அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பின்னர் அதே சோதனையைச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணில் ஏறிய பதற்றத்தில் அமெரிக்கா தன் பள்ளிகளைத் திரும்பிப் பார்த்த காலத்தில், 1959இல் உட்ஸ் ஹோல் என்ற ஊரில் அறிஞர்கள் கூடிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். எந்தப் பாடத்தையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் நேர்மை குன்றாத ஒரு வடிவில் கற்பிக்க முடியும் என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து அதையொட்டிப் பிறந்தது. அந்த நம்பிக்கையில் அவர் முன்னின்று உருவாக்கிய, வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட் மக்களின் வாழ்க்கையைப் படமாகக் காட்டிய பாடத்திட்டம் 1975இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தேர்வுக் கையேடுகள் இந்தப் பின்னடைவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

குறை என்றால், ஆய்வுக்கூடத்துக்குக் கிடைத்த இடம் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தவரிடம் நான் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தேன். 1972இல் தம் பாய்மரப் படகிலேயே அட்லாண்டிக்கைக் கடந்து ஆக்ஸ்போர்டுக்குப் போய்ச் சேர்ந்த மனிதர், அந்தத் துணிச்சலைச் சொந்த வாழ்க்கையைச் சொல்வதில் காட்டவில்லை.

ஆங்கிலம் கடினமில்லை, ஆனால் உளவியல் சொற்கள் நெருக்கமாக வருகின்றன. பழக்கமில்லாதவர்கள் கல்வி பற்றிய பகுதியை முதலில் படித்துவிட்டுச் சோதனைகளுக்குத் திரும்பலாம்.