ரோலர் இஸ்திரி மெஷின்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

பெட்ஷீட், தலையணை உறை தேய்க்க எங்கள் லாண்டரியில் இந்த மெஷினை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தேய்ப்பு அருமை, சத்தமும் குறைவு, அதில் குறை இல்லை. நான் சொல்ல வந்தது துணி உள்ளே போகும் வாய்க்கு முன்னால் இருக்கும், ஏதாவது பட்டால் மெஷினை நிறுத்தும் விரல் தடுப்புக் கம்பியைப் பற்றி.

பழைய மெஷினில் அந்தக் கம்பியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள், தடித்த ஓரம் வரும்போதெல்லாம் மெஷின் நின்று வேலை ஓடவில்லை என்று. நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருநாள் எங்களோடு வேலை பார்க்கும் அக்கா சுருங்கிப்போன உறையை நீவிவிடப் போய், துணியோடு நான்கு விரலும் உள்ளே போய்விட்டன. எமர்ஜென்சி பட்டனை அடித்தோம், ரோலர் நின்றது, ஆனால் விரலை அழுத்தியபடியே நின்றது, அதுவும் 170 டிகிரி சூட்டில். ரோலரைத் தூக்கிவிடும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நசுங்கின வலி ஒரு பக்கம், வெந்த புண் ஆறத்தான் மாதக்கணக்கில் ஆனது.

இந்த மெஷினில் கம்பியை லேசாகத் தொட்டாலே ரோலர் நின்று, கொஞ்சம் பின்னாலும் சுற்றி விட்டுவிடுகிறது. தினமும் காலையில் சூடேற்றும் முன் ஒரு குச்சியில் துண்டைச் சுற்றி அழுத்திப் பார்க்கிறேன், இதுவரை ஒருநாளும் ஏமாற்றவில்லை. முதல் வாரம் இதுவும் அடிக்கடி நின்றது, அப்புறம் ஓரத்தை நீட்டிப் பிடித்துக் கொடுக்கப் பழகினோம், சரியாகிவிட்டது.

குறை இரண்டு. எமர்ஜென்சி பட்டன் வலது பக்கம் மட்டும்தான், இடது பக்கம் துணி கொடுப்பவருக்கு எட்டவே எட்டாது. கரண்ட் போனால் ரோலரைக் கையால் தூக்கும் முறையை கையேட்டின் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நாங்கள்தான் பெரிதாக எழுதி மெஷின் மேலேயே ஒட்டினோம்.

வாங்கப் போகிறவர்கள் மணிக்கு எத்தனை பெட்ஷீட் என்று கேட்பதற்கு முன்னால், கை மாட்டினால் எப்படி எடுப்பது என்று கேளுங்கள், கரண்டை நிறுத்திவிட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள். மெஷினைத் துடைப்பதும், துணி ஒட்டாமல் வழுக்கிப் போக மெழுகு போடுவதும் யார் எப்படிச் செய்ய வேண்டும் என்றும் கேளுங்கள், அந்த நேரத்திலும் கை மாட்டும்.

அக்கா இப்போது மடிக்கும் மேசையில் இருக்கிறார், மெஷின் பக்கம் வருவதில்லை. இடது பக்கத்துக்கும் ஒரு பட்டன் கேட்டிருக்கிறேன், அது வரும்வரை ஐந்துக்கு மூன்றுதான்.