ஜீப் மட்கார்டு: புது ரிவிட் அடித்து இரண்டு மழைக்காலம் ஆன பிறகு

கள்ளிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருக்கிறது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் என் பழைய ஃபோர் வீல் ஜீப்பைத் தவிர வேறெதுவும் அங்கே போகாது. கரிசல் சேறு டயரோடு சுற்றி வந்து மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் கல்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தின மழையில் அந்தக் கனம் தாங்காமல் பின்பக்க இடது மட்கார்டு பாதி பிய்ந்து தொங்கியது.

இரும்புத் தகட்டில் யாரோ அலுமினிய ரிவிட் அடித்திருக்கிறார்கள். ஈரத்தில் இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் அரிபடும். ரிவிட் தலையைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. ஆடி ஆடி ஓட்டைகளும் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன.

"பேசாம வெல்டு வச்சுருவோமாண்ணே?" என்றார் டிங்கர். வேண்டாம் என்றேன். கல்லில் இடித்தால் ரிவிட் விட்டுப்போகும், நஷ்டம் மட்கார்டோடு முடியும். வெல்டு என்றால் பாடித் தகட்டையும் கிழித்துக்கொண்டு வரும்.

மிச்சமிருந்த ரிவிட்டுகளைக் கழற்றுவதே பாதி வேலை. டிரில் வைத்தால் ரிவிட்டும் கூடவே சுற்றுகிறது. அவர் ஸ்க்ரூடிரைவர் முனையைத் தலைக்கடியில் நெம்பிப் பிடித்துக்கொண்டு 5 எம்எம் பிட்டை மெதுவாக இறக்கினார். தலை மோதிரம் மாதிரி கழன்று பிட்டிலேயே ஏறிக்கொண்டது. உள்ளே நின்றதைப் பஞ்ச் வைத்துத் தட்டிவிட்டார். பழைய ஓட்டைகளை அடைத்துவிட்டு, ஒரு இன்ச் தள்ளிப் புதிதாகப் போட்டோம். ஓட்டைக்குள்ளேயும் ரெட் ஆக்ஸைடு தடவச் சொன்னேன். "அதை யாருண்ணே பாக்கப் போறா?" என்று சிரித்துக்கொண்டேதான் தடவினார்.

புது மட்கார்டு 18 கேஜ் தகடு. பாடிக்கும் அதற்கும் நடுவே சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை. மேல் வரிசைக்கு 4.8 எம்எம் இரும்பு ரிவிட், கீழே இரண்டு இடத்தில் மட்டும் எம்6 போல்ட்டும், அதிர்வில் கழலாமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும். இரும்பு ரிவிட்டைக் கையால் அமுக்குகிற ரிவிட் கன்னில் அடிப்பது லேசில்லை. ரிவிட்டின் நடுவில் இருக்கிற ஊசியைக் கன் இழுத்து, அது 'டக்'கென்று ஒடிவதற்குள் மனுஷனுக்கு வேர்த்துவிட்டது.

அப்புறம் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மேல் வரிசையில் ஒன்றுகூட ஆடவில்லை. ஆனால் ஊசி ஒடிந்த குழிகளில் தண்ணீர் நின்று துரு பிடித்திருக்கிறது. அன்றைக்கே ஒரு சொட்டு சிலிகான் வைத்து அடைத்திருக்கலாம், விட்டது என் தப்பு. சைக்கிள் டியூபும் மதுரை வெயிலுக்குத் தாங்கவில்லை, ஓரமெல்லாம் வெடித்துவிட்டது.

கீழே போல்ட் வைத்ததுதான் நான் செய்த உருப்படியான காரியம். சேறு ஈரமாக இருக்கும்போதே 10 நம்பர் ஸ்பேனரில் கழற்றி, தகட்டை லேசாக இழுத்துப் பிடித்துத் தண்ணீர் அடித்தால் மொத்தமும் வழிந்துவிடும். ஒன்று, நைலாக் நட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றினால் பிடிப்புப் போய்விடும். விரலாலேயே கடைசிவரை திருக முடிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். நான் இதுவரை இரண்டு தடவை மாற்றிவிட்டேன்.

வலது பக்கத்தில் இன்னும் பழைய அலுமினிய ரிவிட்தான். போன வாரம் கழுவும்போது பார்த்தேன், மூன்று தலையில் வெள்ளை பூத்திருக்கிறது.