சறுக்கு மேடை செய்து கொடுத்த குன்னூர் வெல்டிங் பட்டறை

நான் பிசியோதெரபிஸ்ட். தேயிலை பறிக்கும் பெண்கள் ஈரப் பாதையில் சறுக்கும்போது உடம்பு எப்படிச் சுதாரிக்கிறது என்று அளந்து பார்க்க ஒரு மேடை வேண்டியிருந்தது. ஆய்வகத்துக்கென்று விற்கும் கருவிகள் எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் குன்னூர் பெட்போர்டு பக்கம் கேட், கிரில் வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு வரைபடத்தோடு போனேன்.

பட்டறைக்கார அண்ணன் வரைபடத்தைப் பிரிக்கும் முன்பே, "மேடம், ஆள் முன்னாடி விழணுமா, பின்னாடி விழணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வேலையைக் கொடுத்தேன். கால் வழுக்கினால் பாதம் முன்னே போகும், உடம்பு பின்னே சாயும். ஆகவே பலகை முன்பக்கம் வெடுக்கென்று நகர வேண்டும். ஆங்கிள் தண்டவாளத்தில் ஓடும் பேரிங் சக்கரப் பலகை, அதை இழுக்கக் கப்பியில் தொங்கும் எடைக்கல். 15 செ.மீ. ஓடி ரப்பரில் முட்டி நிற்கும். நான்கு மூலையிலும் லோட் செல் (எடையை அளக்கும் சென்சார்) இருப்பதால், பாத அழுத்தத்தின் மையம் எங்கே நகர்கிறது என்று கணக்கிடலாம்.

முதலில் பலகையைப் பிடித்திருந்தது ஒரு கொக்கி. விடுவித்தால் 'டக்' என்று சத்தம். அண்ணனே ஏறி, கண்ணை மூடி நின்று பார்த்தார். மூன்றாவது தடவை இறங்கிவிட்டார். "சத்தம் கேட்டதும் முட்டி தானா மடங்கிக்குது மேடம், ஆள் உஷாராயிடுவாங்க." நாலே நாளில் கொக்கியைக் கழற்றிவிட்டு, ஆபீஸ் கதவுக்குப் போடும் மின்காந்தப் பூட்டைப் பொருத்தினார். கரண்ட்டை நிறுத்தினால் சத்தமில்லாமல் விடுகிறது. எனக்கு இது தோன்றவே இல்லை.

மேலே பீமில் தொங்கும் சேஃப்டி பெல்ட்டிலும் அதே அக்கறை. நிற்கும்போது கயிறு துளியும் தாங்கக் கூடாது, தாங்கினால் அளவு பொய்யாகிவிடும். விழுந்தாலோ முட்டி தரையில் படுவதற்குள் பிடித்தாக வேண்டும். விழும் வேகத்தில் கயிற்றில் வரும் இழுப்பு உடல் எடையைவிடப் பல மடங்கு ஏறலாம். அதனால் 100 கிலோ மணல் மூட்டையைக் கட்டி, என் முன்னாலேயே பத்துத் தடவை விழவிட்டுக் காட்டினார்.

சரி, குறை. சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் தாமதம். தண்டவாளத்துக்கு வெறும் ரெட் ஆக்சைடு அடித்திருந்தார்கள். சக்கரம் ஓடி ஓடிப் பெயின்ட் போன இடத்தில் பத்தே நாளில் துரு, பலகை திக்கித் திக்கி ஓடியது. குன்னூர் மூடுபனி தெரிந்தவர்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எவர்சில்வர் பட்டை வைத்துச் சரிசெய்ய 4,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன், அது எனக்கு வருத்தம்தான். மொத்தம் 46,000 ஆனது. குளிரில் லோட் செல்லின் பூஜ்ஜியம் கொஞ்சம் நகரும், தினமும் காலையில் சரிசெய்துகொள்கிறேன். அது பட்டறையின் குற்றம் இல்லை.

பக்கவாட்டில் நகரும் இரண்டாவது பலகையையும் அந்த அண்ணனிடமே கொடுத்திருக்கிறேன். இந்த முறை வரைபடத்திலேயே எவர்சில்வர் என்று பெரிதாக எழுதிவிட்டேன்.