ஐஸ் நோட்டும் இரண்டு பட்டங்களும்: எம்.பி.ஏ.வா, எம்.எஸ்சி. புள்ளியியலா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாளும் எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை சரிபார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது போக மிச்ச நேரமெல்லாம் பாம்பன் தெற்குவாடியில் பிள்ளைகளின் மேல்படிப்புப் பேச்சுதான். இந்த மீன்பிடித் தடைக்காலத்தில், பி.எஸ்சி. கணிதம் முடித்த என் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, கணக்கு போட்டுத் தொழில்ல முடிவெடுக்கிற படிப்புதான் எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்கு எம்.பி.ஏ. போகவா, புள்ளியியல் எடுக்கவா?"

நான் படித்தது எம்.எஸ்சி. புள்ளியியல். சித்தப்பா மகனான தம்பி எம்.பி.ஏ. முடித்தவன். அதனால் அவளுக்கு இரண்டு பக்கத்தையும் சொல்ல முடிந்தது. சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பாடத்திட்டம். பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் 'செயல்முறைகள் ஆராய்ச்சி' என்று ஒரு பாடம் வருமே, போக்குவரத்துக் கணக்கு, ஒதுக்கீட்டுக் கணக்கு என்று, அதன் நீட்சிதான் மேலாண்மை அறிவியல். எம்.பி.ஏ.வில் இது பெரும்பாலும் முதலாண்டில் ஒன்றிரண்டு தாள்களோடு முடிந்துவிடும். நேரியல் திட்டமிடல், வரிசைக் கோட்பாடு, வேலைகளை நேரத்தோடு திட்டமிடும் பெர்ட் முறை, சரக்கிருப்புக் கணக்கு எல்லாம் அதற்குள்ளேயே வேகமாக ஓடும். பிறகு மார்க்கெட்டிங், நிதி, மனிதவளம் என்று வண்டி வேறு பக்கம் திரும்பும். ஆபரேஷன்ஸ் (உற்பத்தி, சரக்கு நிர்வாகம்) சிறப்புப் பாடம் எடுத்தால் மட்டும் இரண்டாம் ஆண்டிலும் கணக்கு கூடவே வரும்.

புள்ளியியலில் நிலைமை தலைகீழ். நிகழ்தகவு, மதிப்பீட்டுக் கோட்பாடு, கூறெடுப்பு (சாம்பிள் எடுப்பது), வாய்ப்புவழிச் செயல்முறைகள் என்று இரண்டு வருடமும் அடித்தளம்தான். தொழில் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. என் குறையும் அதுதான். நேரியல் திட்டமிடல் கணக்கைத் தீர்க்க 1947இல் டான்ட்ஸிக் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் முறையை நான் படித்த கல்லூரியில் பக்கம் பக்கமாகக் கையால் அட்டவணை போட வைத்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு கணக்கைக்கூடத் தீர்த்துக் காட்டவில்லை. தம்பி முதல் செமஸ்டரிலேயே அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் தீர்க்கும் எக்செல் சால்வரைத் திறந்துவிட்டான்.

எந்தப் படிப்பு எதைச் சொல்லித்தருகிறது என்பது எனக்கு உறைத்தது சித்தப்பாவின் ஐஸ் நோட்டில்தான்.

ஒவ்வொரு தடவை படகு கிளம்பும்போதும் எத்தனை ஐஸ் பார் ஏற்றினார், திரும்பும்போது எவ்வளவு மிச்சம் என்று சித்தப்பா எழுதி வைப்பார். கூடுதலாக ஏற்றினால் கரைந்து வீண், குறைவாக ஏற்றினால் மீன் கெடும். ஒரு பார் வீணானால் 150 ரூபாய் நட்டம், ஒரு பார் போதாமல் போனால் மீனில் 600 ரூபாய் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 750. அப்போது 600ஐ 750ஆல் வகுக்க வேண்டும், விடை 0.8. அதாவது பத்துத் தடவையில் எட்டுத் தடவை போதுகிற அளவு ஏற்ற வேண்டும். நோட்டிலுள்ள 50 பயணங்களின் ஐஸ் தேவையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நாற்பதாவதாக நிற்கும் எண்தான் விடை. சராசரியை எடுத்து ஏற்றினால் ஏறக்குறைய பாதி நாள் மீன் கெடும்.

இந்தக் கணக்கு எங்கள் இருவருக்குமே தெரியும். தம்பி அரை மணி நேரத்தில் எக்செல்லில் போட்டான். போட்டதோடு நிற்காமல் சித்தப்பாவுக்குப் புரியும்படி சொல்லி, அவரை ஒத்துக்கொள்ளவும் வைத்தான். அது எனக்குச் சத்தியமாக வராது. நான் பத்து நிமிடம் பேசினால் சித்தப்பா எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

ஆனால் அந்த நோட்டில் ஒரு ஓட்டை இருந்தது. மிச்சம் இல்லாமல் தீர்ந்த நாட்களில், ஏற்றிய அளவையே தேவை என்று தம்பி எடுத்துக்கொண்டான். 20 பார் ஏற்றி அத்தனையும் தீர்ந்திருந்தால், உண்மையில் 22 வேண்டியிருந்ததா, 30 வேண்டியிருந்ததா என்று நோட்டு சொல்லாது. நல்ல மீன்பாடு கிடைத்த நாட்கள்தான் இப்படி மறைந்து போகின்றன. அவற்றை அப்படியே சேர்த்தால் விடை குறைவாகத்தான் வரும். இதைச் சென்சார்டு டேட்டா என்போம். அதைச் சரிசெய்ய வழிகள் உண்டு. இந்த இடத்தில் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தது புள்ளியியல் வகுப்பு. எம்.பி.ஏ.வின் ஒன்றிரண்டு தாள்களில் இதற்கு நேரம் கிடைப்பது அரிது.

இந்தச் சந்தேகத்தின் அருமை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 1947இல் தொடங்கி, பல ஆண்டுகள் பக்கத்து மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், நாடு முழுக்க எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்பதை எல்லாப் படகையும் எண்ணிச் சொல்வதில்லை. இறங்குதளங்களையும் நாட்களையும் படகுகளையும் கூறெடுப்பு முறையில் தேர்ந்தெடுத்துத்தான் மதிப்பிடுகிறது. எந்தப் படகை விட்டுவிடலாம் என்று தெரிந்திருப்பதும் ஒரு படிப்புதான்.

நுழைவும் தூரமும் சுருக்கமாக: எம்.பி.ஏ.வுக்குத் தமிழ்நாட்டுப் பொது நுழைவுத் தேர்வான டான்செட் எழுதலாம். பக்கத்தில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே மேலாண்மைத் துறை இருக்கிறது. புள்ளியியல் என்றால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் என்று வெளியூர் போய்த் தங்க வேண்டும். ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் தேர்வு. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் தரம், நம்பகத்தன்மை, செயல்முறைகள் ஆராய்ச்சி மூன்றையும் சேர்த்தே ஒரு எம்.டெக். உண்டு; பி.எஸ்சி. மட்டும் முடித்து அதில் நேராகச் சேர முடியாது, எம்.எஸ்சி. புள்ளியியலுக்குப் பிறகு யோசிக்கலாம்.

வேலையில் ஒரு வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை. யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டத்தில் புள்ளியியல் இருந்தே ஆக வேண்டும், எம்.பி.ஏ. செல்லாது. தனியார் கம்பெனியில் முதல் வேலைக்கு எம்.பி.ஏ.காரனுக்கு வழி எளிது. பேசத் தெரியும், கல்லூரிக்கே ஆள் எடுக்க வருவார்கள்.

என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். கணக்குதான் பிடித்திருக்கிறது என்றால் முதலில் புள்ளியியல். நாலு வருடம் வேலை பார்த்த பிறகு எம்.பி.ஏ. படித்துக்கொள்ளலாம், அப்போது அந்த வகுப்பில் சொல்லும் ஒவ்வொன்றும் பிடிபடும். முதலில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, பிறகு நிகழ்தகவை அடியிலிருந்து படிக்க உட்கார்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் சொந்தத் தொழில் காத்திருக்கிறது, நாளைக்கே அதை நடத்த வேண்டும் என்கிற பிள்ளைக்கு மட்டும் இதை மாற்றிச் சொல்வேன்: எம்.பி.ஏ., அதிலும் ஆபரேஷன்ஸ்.

அக்கா மகள் இன்னும் முடிவெடுக்கவில்லை. சித்தப்பாவின் நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுத்தபோது, மிச்சத்துக்கு அடுத்து ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டிருந்தாள். தலைப்பு: 'ஐஸ் தீர்ந்த நேரம்'. சித்தப்பா ஜூன் 15 முதல் அதையும் எழுதுகிறார்.