பெரிய அலுமினிய பாஸ் படகு: காசுக்குத் தகுமா?

அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கிறவர்கள் அலுமினியப் படகை 'டின்' என்பார்கள். அந்தச் சொல்லில் செல்லம் பாதி, தகர டப்பா என்ற ஏளனம் பாதி. 1978இல் பாஸ் புரோ ஷாப்ஸ் கடைகளை நிறுவிய ஜானி மோரிஸ் படகு, இன்ஜின், டிரெய்லர் மூன்றையும் ஒரே விலையில் கட்டி 'பாஸ் டிராக்கர்' என்று விற்கத் தொடங்கினார். முதன்முதலாகப் படகு வாங்குகிறவரின் பைக்கு எட்டிய சரக்கு அது. இன்று அதே வகையில் 19, 20, 21 அடிப் படகுகள் வந்துவிட்டன. பின்னால் 150 முதல் 250 குதிரைத்திறன் வரை இன்ஜின் தொங்குகிறது. விலையும் ஃபைபர்கிளாஸ் படகின் தோளை இடிக்கிறது. அலுமினியம் என்றாலே மலிவு என்ற பழைய கணக்கோடு கடைக்குப் போனால் ஏமாற்றம்தான்.

ஏன் மலிவில்லை? ஒரு 19 அடிப் படகின் ரசீதைப் பிரித்துப் பார்த்தால் புரியும். 150 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின், டிரெய்லர், படகை மெதுவாக நகர்த்த முனையில் மாட்டும் டிரோலிங் மோட்டார் என்ற மின்மோட்டார், நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் திரைகள், நான்கு பேட்டரி, சார்ஜர் ஆகிய எல்லாமே உடல் எதனால் ஆனது என்று பார்க்காமல் ஒரே விலைதான். மிச்சம் பிடிப்பது உடலில் மட்டும். அலுமினியத் தகட்டை வெட்டி, மடித்து, வெல்டு வைக்கிற கூலியும் பெரிய படகில் கணிசமாக ஏறுகிறது. அதனால்தான் 150 இன்ஜின் மாட்டிய ஒரு சாதாரண ஃபைபர்கிளாஸ் படகுக்கும் (நைட்ரோ இசட்18 மாதிரி) நல்ல வசதிகளோடு வரும் 19 அடி அலுமினியப் படகுக்கும் நடுவே எதிர்பார்த்த அளவு விலை வித்தியாசம் இருப்பதில்லை.

ஆகவே இதன் மதிப்பை விலைச்சீட்டில் தேடக் கூடாது, எடையில் தேட வேண்டும்.

கணக்கைப் போடுவோம். 19 அடி அலுமினிய உடல் சுமார் 1,450 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். மெர்குரி 150 ஃபோர்ஸ்ட்ரோக் இன்ஜின் 455 பவுண்ட். 25 கேலன் பெட்ரோல், கேலனுக்கு 6 பவுண்ட் வீதம் 150. ஈய-அமில பேட்டரி நான்கு, ஒன்று 60 வீதம் 240. தூண்டில் சாமான், நங்கூரம், லைஃப் ஜாக்கெட் எல்லாம் 200. டிரெய்லர் 800. மொத்தம் ஏறத்தாழ 3,300 பவுண்ட். இதே கணக்கை 21 அடி ஃபைபர்கிளாஸுக்குப் போட்டால் உடல் 2,100, மெர்குரி 250 புரோ எக்ஸ்எஸ் 505, 45 கேலன் பெட்ரோல் 270, இரட்டை அச்சு டிரெய்லர் 1,300, பேட்டரியும் சாமானும் முன்போல 440 என்று ஏறி 4,600ஐத் தாண்டும்.

இந்த 1,300 பவுண்ட் இடைவெளிதான் வாங்குகிறவருக்கு உண்மையான லாபம். ஆல் வீல் டிரைவ் ஹோண்டா பைலட் கார் இழுக்கக்கூடிய எல்லை 5,000 பவுண்ட். அலுமினியப் படகை அது அலுப்பில்லாமல் இழுக்கும். ஃபைபர்கிளாஸைக் கட்டினால் வண்டிக்குள் நான்கு பேர் ஏறியதும் எல்லை நெருங்கிவிடும், பிறகு பிக்கப் டிரக் வாங்கும் பேச்சு வீட்டில் தொடங்கும். படகில் மிச்சமாகாத காசு டிரக்கில் மிச்சமாகிறது என்று சொன்னால் மிகையில்லை. ஏற்கெனவே பெரிய டிரக் வைத்திருப்பவருக்கு இந்த லாபம் கிடையாது. அவர் கணக்கே வேறு. டொயோட்டா சியென்னா வேன் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: அதன் எல்லை 3,500. தாளில் படகு அதற்குள் அடங்கும், ஈரப் பாசி படிந்த இறங்குதுறைச் சரிவில் அடங்காது. இன்னொன்று, பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். டிரெய்லர் பிரேக்கைக் 'கூடுதல் வசதி' என்று சொல்லி விலை கூட்டும் விற்பனையாளரிடம் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

தண்ணீரில் எப்படி? எடை குறைந்தால் சின்ன இன்ஜினே போதும். 19 அடி உடலும் 150 இன்ஜினும் சேர்ந்தால் மணிக்கு 50 மைலை ஒட்டிப் போகும், நாள் முழுக்க ஓடினாலும் பெட்ரோல் செலவு கையைக் கடிக்காது. ஆனால் எடை குறைவு என்பது இருபக்கமும் வெட்டும் கத்தி. அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரியிலும் செயின்ட் கிளேர் ஏரியிலும் காற்று எழும்பி இரண்டடி அலை வந்தால், கனமான ஃபைபர்கிளாஸ் அலையை வெட்டிப் போகும், அலுமினியம் அதன் மேல் ஏறி 'டப்' என்று விழும். முதுகெலும்பு அந்த ஒவ்வொரு 'டப்'பையும் எண்ணிக்கொண்டே வரும். பெரும்பாலான அலுமினிய பாஸ் படகுகளின் அடிப்பாகம் ஆழமில்லாத வி வடிவம். அது நின்று தூண்டில் வீசும்போது ஆடாமல் இருக்க உதவும், அலையை வெட்ட உதவாது. சத்தமும் உண்டு, சின்ன அலை தகட்டில் அறையும் ஒலி ஆழமில்லாத இடத்தில் மீனை விரட்டும் என்று குறைபட்டுக்கொள்பவர்கள் ஏராளம்.

இதற்கு நேர் எதிரானது டெக்சாஸ் பக்கத்து டொலிடோ பெண்டும் சாம் ரேபர்னும். அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் தண்ணீருக்கடியில் நிற்கும் ஏரிகள் அவை. மெதுவாகப் போகும்போது கட்டையில் இடித்தால் ஃபைபர்கிளாஸில் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு பெயர்ந்து பழுதுக்கு வாரக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கலாம், அலுமினியம் ஒரு குழியோடு தப்பும். ஆற்றுக் கூழாங்கல்லுக்கும் இதே கதை. வேகமாகப் போய் இடித்தால் மட்டும் அலுமினியமும் கிழியும். அப்போது வெல்டருக்கு ஒரு தலைவலி: உடலுக்குள் ஊற்றிய மிதவை நுரையைக் குடைந்து எடுக்காமல் வெல்டு வைத்தால் நுரை எரிந்து நச்சுப் புகை வரும். வெல்டு கூலியை விட நுரை எடுக்கும் கூலி கூடுதலாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

காற்றில் இழுபடுவது அடுத்த குறை. உயரமான பக்கமும் லேசான உடலும் சேர்ந்தால் படகு பட்டம் மாதிரி நகரும். டிரோலிங் மோட்டாருக்கு 100 பவுண்ட் எடைக்கு 2 பவுண்ட் உந்துவிசை என்பது வழக்கமான கணக்கு. ஆட்களோடு 3,000 பவுண்ட் என்றால் 60 பவுண்ட் போதும், 24 வோல்ட்டில் இயங்கும் 80 பவுண்ட் மோட்டாரே அதிகம் என்று தோன்றும். அமைதியான குளத்துக்கு அது சரி. ஜிபிஎஸ் வைத்துப் படகை ஒரே இடத்தில் நிறுத்தும் வசதியைக் காற்று நாளில் மணிக்கணக்கில் ஓட விட்டால் 24 வோல்ட் பேட்டரி மதியத்துக்கு மேல் திணறும். பெரிய ஏரிக்குப் போகிறவர் 36 வோல்ட், 112 பவுண்ட் மோட்டாரையே கேட்க வேண்டும். ஈய-அமில பேட்டரி மூன்று 180 பவுண்ட் என்றால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மூன்று அதில் பாதி எடைதான். எடையே மதிப்பான படகில் இந்த மாற்றம் பலன் தரும். சார்ஜரில் லித்தியத்துக்குத் தனி அமைப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். பழைய சார்ஜரில் மாட்டிவிட்டு பேட்டரியைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது.

இனி கட்டுமானம். தகட்டின் தடிமனை விளம்பரத்தில் .100 அல்லது .125 என்று அங்குலத்தில் போடுவார்கள், அதாவது 2.5 அல்லது 3.2 மில்லிமீட்டர். 5052 என்ற கலவை பரவலாகப் பயன்படுகிறது, துருவுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் தடிமனை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடியில் நீளவாக்கில் ஓடும் விட்டங்கள் எத்தனை, குறுக்குச் சட்டங்கள் எவ்வளவு நெருக்கம், டிரான்சம் என்கிற பின்பலகையை உடலோடு பிணைக்கும் முட்டுகள் எவ்வளவு தடிப்பு என்பவைதான் பத்தாண்டு கழித்துப் பேசும். 455 பவுண்ட் இன்ஜின் அந்தப் பலகையில்தான் தொங்குகிறது. ஒவ்வொரு அலைக்கும் அதை நெம்புகிறது. வெல்டு விரிசல் முதலில் எட்டிப் பார்ப்பது டிரான்சத்தின் கீழ் மூலைகளில். ரிவெட் வைத்த படகில் விரிசல் அரிது, பதிலாக ஆண்டுகள் செல்லச் செல்ல ரிவெட் தளர்ந்து நீர் கசியும். இரண்டில் எது மேல் என்ற சண்டை ஓயாது. பெரிய இன்ஜின் மாட்டும் அளவுக்கு வந்துவிட்டால் முழு வெல்டு உடலுக்கே எங்கள் ஓட்டு.

தளம் எதனால் ஆனது என்பதையும் கேளுங்கள். செம்பு கலந்த மருந்து ஏற்றிய ஒட்டுப்பலகை அலுமினியத்தில் ஈரத்தோடு உரசினால் தகட்டில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். பழைய படகைச் சொந்தக் கையால் புதுப்பித்தவர்கள் வீடு கட்டும் பலகையைப் போட்டுக் கெடுத்த உடல்கள் எத்தனையோ. செம்பு கலந்த அடிப்பாகப் பெயின்டுக்கும் இதே தடை. துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடும் இடத்தில் நடுவே பிளாஸ்டிக் வாஷரோ காப்புப் பசையோ வேண்டும். மின்சாதனம் எதற்கும் படகின் உடலை நெகட்டிவ் வயராகப் பயன்படுத்தக் கூடாது. சோனார் மாட்டித் தருகிறவர் சோம்பல்பட்டு அப்படிச் செய்தால் கசியும் மின்சாரம் தகட்டைத் தின்னும். சோனாருக்குப் பேட்டரியிலிருந்தே தடித்த தனி வயர் இழுப்பது இரண்டு விதத்தில் நல்லது: இன்ஜின் கிளப்பும்போது திரை அணையாது, குறுக்கீட்டுக் கோடுகளும் குறையும்.

மாடல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிராக்கர் புரோ டீம் 195 டிஎக்ஸ்டபிள்யூ பேரமில்லாத ஒரே விலையில் விற்கிறது. விலைக்கு மேல் ஏமாற வாய்ப்புக் குறைவு, விலைக்குக் கீழே இறக்கவும் முடியாது. ரேஞ்சரின் ஆர்டி198பி அதே பாஸ் புரோ குடும்பத்துச் சரக்குதான். ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில் உருவாகும் எக்ஸ்பிரஸ் முழு வெல்டு உடல். அலுமினியத்தில் வேகம் வேண்டுகிறவரின் தேர்வு. மின்னசோட்டாவில் உருவாகும் லண்ட் புரோ-வி பாஸ் வடக்கத்திய பெரிய ஏரிகளின் அலையை மனதில் வைத்தது, விலையும் அதற்கேற்ப. லண்டும் மெர்குரியும் ஒரே பிரன்ஸ்விக் நிறுவனத்தவை என்பதால் யமஹா இன்ஜின் வேண்டும் என்று அங்கே கேட்பதில் பயனில்லை. ஆர்கன்சாவின் ஃபிளிப்பினில் உருவாகும் வெக்ஸஸ் ஏவிஎக்ஸ் வரிசை, அலுமினிய உடலோடு ஃபைபர்கிளாஸ் பாகங்களைக் கலக்கிறது, பார்வைக்கு அழகு.

எங்கள் கணக்கில் காசுக்குத் தகுவது 19 அடியும் 150 குதிரைத்திறனும். 21 அடியும் 250ம் என்று போனால் எடை லாபம் கரைகிறது, இன்ஜின் விலை ரசீதை விழுங்குகிறது, அதே காசுக்கு மூன்று நான்கு ஆண்டு ஓடிய நல்ல ஃபைபர்கிளாஸ் படகு கிடைக்கிறது. கட்டை நிறைந்த ஏரியே தினசரிக் களம் என்றால் மட்டும் அந்தப் பெரிய டின்னுக்கு நியாயம் உண்டு.

20 அடி என்ற கோடு இன்னொரு விதத்திலும் முக்கியம். அதற்குக் குறைவான ஒற்றை உடல் படகுக்கு எடைத் தாங்குதிறன் தகடும் மூழ்காமல் மிதக்கும் அமைப்பும் அமெரிக்கச் சட்டப்படி கட்டாயம். 20 அடியும் அதற்கு மேலும் கட்டாயமில்லை. உற்பத்தியாளர் தாமாகச் செய்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல், ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிற்றை உடலில் மாட்டிக்கொண்டு ஓட்டுவதும் சட்டம்.

புதுப் படகை எடுத்ததும் முதல் ஓட்டத்தில் பார்க்க வேண்டியது முழு வேகத்தில் இன்ஜின் சுழற்சி. மெர்குரி 150 ஃபோர்ஸ்ட்ரோக்குக்கு நிமிடத்துக்கு 5,000 முதல் 5,800. பெட்ரோலும் இரண்டு ஆட்களும் இருக்கும்போது 4,800தான் வருகிறது என்றால் புரொபெல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) அதிகம். ஓரங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும். கடைக்காரர் வெற்றுப் படகில் ஓட்டிக் காட்டிய எண்ணை நம்ப வேண்டாம்.

பழைய படகு வாங்குகிறவர் முதலில் நெடுஞ்சாலை டிரக் நிறுத்தத்தில் உள்ள எடைமேடையில் ஏற்றிப் பார்க்கட்டும். மேலே போட்ட கணக்கை விட 200, 300 பவுண்ட் கூடுதல் என்றால் நுரை தண்ணீர் குடித்திருக்கலாம். அடுத்து வடிகால் அடைப்பானை இறுக்கி, டிரெய்லரில் இருக்கும்போதே உள்ளே இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் கீழே படுத்துப் பார்த்தால் எந்த ரிவெட், எந்த வெல்டு கசிகிறது என்பது சொட்டாகத் தெரியும். டிரெய்லர் தாங்குபலகைகளுக்கு நேரே அடித்தகடு உள்வாங்கியிருந்தால் பலகைகள் பொருத்தமில்லை. இன்ஜினை மேலே தூக்கி அதன் அடித்துடுப்பைக் கையால் அழுத்தும்போது டிரான்சம் கண்ணுக்குத் தெரிய அசைந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். கடைசியாக, இன்ஜினில் மாட்டியுள்ள தியாக உலோகத் துண்டு, அதாவது மற்ற உலோகங்களைக் காக்கத் தான் கரையும் துண்டு. நன்னீருக்கு மெக்னீசியம் அல்லது அலுமினியம் வேண்டும், துத்தநாகம் நன்னீரில் மேலே படிவு பூண்டு வேலையை நிறுத்திக்கொள்ளும். ஐந்து ஆண்டு ஓடிய படகில் அந்தத் துண்டு புத்தம் புதிதாக மின்னினால், அண்மையில் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் அது இத்தனை நாளும் வேலை செய்யாமல் இருந்திருக்கலாம், அதற்குப் பதில் வேறு ஏதோ ஒன்று கரைந்திருக்கலாம்.