கும்பகோணம் நாடக உடை வாடகைக் கடை: புதுக் குழுக்களுக்கு நல்ல துணை

பாபநாசம் பக்கத்தில் ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு நாடகக் குழு ஆரம்பித்திருக்கிறோம். விவசாயிகள், டெய்லர், பால் சொசைட்டிக்காரர் என்று கலவையான ஆட்கள். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்துவிட்டால் வயல் வேலைதான், ஒத்திகைக்கு யாரும் வரமாட்டார்கள். பங்குனி, சித்திரைதான் எங்களுக்குக் கணக்கு.

உடை வாடகைக்குக் கேட்டதும் கடைக்காரர் விலை சொல்லவில்லை. "யார் யாருக்கு ரெண்டு வேஷம்ணே?" என்றுதான் முதலில் கேட்டார். காட்சி வரிசையைப் பார்த்து, மந்திரிக்கும் தூதனுக்கும் ஒரே அங்கி போதும், மேல்துண்டையும் தலைப்பாகையையும் மாற்றுங்கள் என்றார். வாடகை பாதியாகக் குறைந்தது. வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு யோசனை சொல்ல யாருக்கு மனசு வரும்!

ராஜா அங்கியில் முதுகுப்பக்கம் கொக்கி கிடையாது, நாடா. ஒல்லியோ தொப்பையோ, இழுத்துக் கட்டினால் சரியாக உட்காருகிறது. கிரீடத்துக்குள் பழைய வேட்டித் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள், வியர்த்தாலும் நழுவவில்லை. ஜரிகை மங்கல்தான், பெட்ரோமாக்ஸ் காலத்துச் சரக்கு மாதிரி. ஆனால் எல்லாம் துவைத்த வாசனையோடு வந்தது.

குறை ஒன்று. பெண் வேஷ ரவிக்கைகள் எல்லாம் ஆண்கள் அளவு. மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகம் மாதிரி ஆண்களே பெண் வேஷம் கட்டும் வழக்கத்துக்குச் சேர்த்தவை. எங்கள் குழுவில் பெண்களே நடிக்கிறார்கள், எங்கள் டெய்லர்தான் இரவெல்லாம் பிடித்துத் தைத்தார். கடையில் அவசியம் பெண்கள் அளவும் வாங்கி வைக்க வேண்டும்.

திருவிழா நெருக்கத்தில் நல்ல உடை கிடைக்காது. மாசியிலேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.